சிவப்பு முதலில், வெள்ளி அப்புறம்

ஏப். 12, சனி

காலை ஏழுக்கே வெயில் உறைக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் லேத் பெல்ட் மாற்ற வேண்டும். மாற்றவில்லை.

சாப்பாட்டு பெஞ்சில் குப்புறப் படுத்து வில்லாக வளையும் பயிற்சி. இடுப்பு கீழே, நெஞ்சு மேலே, கையும் காலும் காற்றில். பெஞ்சில் வயிறு மட்டும்தான் படவேண்டும் என்பது விதி. என் விஷயத்தில் வேறு எதுவும் படுவதற்கு வழியே இல்லை. சரசு தோசைக்கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, செவுத்துப் பல்லி கீழ உழுந்தாப்புல கெடக்கறீங்க. இதைய காசு கட்டி வேற கத்துக்கோணுமாக்கும்?"

காசு கட்டியது நானில்லை. அவள் தம்பி குமரேசன். சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிறான். போன மாதம் அன்னூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்தவன், செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். தாராபுரம் ரோட்டில் ஒரு தனியார் ஓடுதளம், வார இறுதி முகாம், விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுத் தருகிறார்களாம். நான் பந்தி சிரிக்கட்டுமே என்று, "போலாமா மாப்ள? நீ முன்னால குதி. நான் உன்ற மேல உழுந்துக்கறேன்" என்றேன். பந்தி சிரித்தது. அவன் "சரிங்க மாமா" என்றான். மறுநாள் இரண்டு பேருக்கும் பணம் கட்டிய ரசீதும், வீட்டில் பழகவேண்டிய பயிற்சி வீடியோவும் வாட்ஸப்பில்.

இதில்தான் ஏமாந்தேன். மச்சினனின் "சரிங்க"வை இருபத்தைந்து வருஷமாக அறிவேன். சம்மதம் என்று அர்த்தமில்லை. புரிந்தது என்றும் இல்லை. நீங்கள் பேசியதை மரியாதையாக நின்று வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். நில புரோக்கர், ஆடிட்டர், கட்சிக்காரர், எல்லாரிடமும் அதே சரிங்க. அப்புறம் ஒன்றும் நடக்காது. இந்த ஒரு தடவைதான் அது நிஜமாகவே சரி என்று ஆகித் தொலைத்தது.

தோசை வைக்கும்போது சரசு: "எனக்குத் தம்பின்னு இருக்கறது அவன் ஒருத்தன்தானுங்க. நீங்க கூடப் போறீங்கங்கற தைரியத்துலதான் உடறேன். அவனெ முழுசா ஊடு கொண்டாந்து சேத்தோணும்."

என்னை முழுசாகக் கொண்டுவருவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவனித்துக்கொண்டேன்.

ஏப். 13, ஞாயிறு

ஓடுதளம். சுற்றிலும் காய்ந்த சோளத்தட்டு. கிழக்கே வரிசையாகக் காற்றாலைகள், ஒன்றும் சுற்றவில்லை. இறக்கையை விரித்துக்கொண்டு நின்றபடி தூங்குகிறமாதிரி இருக்கின்றன. வைகாசி வாக்கில் பாலக்காட்டுக் காற்று திரும்பியதும் எழுந்துகொள்ளும். அதற்குள் முகாமை மூடிவிடுவார்களாம்.

தகரக் கொட்டகைக்குள் பாடம். ஆளுயர ஃபேன் ஒன்று ரைஸ்மில் மாதிரி இரைகிறது. வாத்தியார் ஜோசப், ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்தவர், நாகர்கோவில் பக்கம். என்னைவிடச் சின்னவர். மீசையில் மட்டும் பெரியவர்.

நான் கேட்டவை:
குதித்தபின் தும்மல் வந்தால்?
மூக்குக்கண்ணாடிக்கு மேல் காற்றுக்கண்ணாடி போடலாமா?
பயத்தில் மயக்கம் வந்தால் யார் எழுப்புவார்கள்?
பெரிய குடை விரியவில்லை என்றால் எவ்வளவு நேரம் கவலைப்பட அனுமதி?

ஜோசப்: "அண்ணாச்சி, எல்லாத்தையும் இங்கயே கேட்டிருங்க. மேல வந்து கேட்டா எனக்கும் கேக்காது, உங்களுக்கும் கேக்காது. அங்க கை மட்டும்தான் பேசும்."

கை பாஷை சொல்லித் தந்தார். இரண்டு விரல் நீட்டினால் காலை நீட்டு. பெருவிரல் கீழே என்றால் இடுப்பை இறக்கு. ஒற்றை விரல் சுட்டினால், குடையை இழு.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு முக்கியமான பாடம். நெஞ்சில் இரண்டு பிடிகள். வலப்பக்கம் சிவப்பு. இடப்பக்கம் வெள்ளி வளையம். பெரிய குடை கோளாறாக விரிந்தால் சிவப்பு முதலில்: கெட்ட குடை கழன்று போய்விடும். வெள்ளி அப்புறம்: சின்னக் குடை வரும். மாற்றி இழுத்தால் சின்னக் குடை நேராகப் போய்ப் பெரிய குடையோடு சுற்றிக்கொள்ளும். "அதுக்கு மேல என்ன செய்யணும்னு எனக்கே யாரும் பாடம் நடத்தல" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

மச்சினன் கடைசி வரிசை. ஃபேனுக்குப் பக்கத்தில். வெயிலுக்குப் பயந்து போய் உட்கார்ந்தவன்.

"பின்னால உள்ளவரே, புரிஞ்சுதா?"

"சரிங்க சார்."

ஜோசப்புக்குப் பரம திருப்தி. என்னைப் பார்த்து, "பாத்தியளா, ஒரு கேள்வி கிடையாது. இதாக்கும் ஒழுங்கு" என்றார்.

முதுகில் ஏதோ ஊர்ந்தது. சட்டையைக் கழற்றி உதறினேன். கட்டெறும்பு. எறும்பு போனபிறகும் ஊர்ந்தது.

ஏப். 19, சனி

குதித்தாயிற்று. உயிரோடு இருக்கிறேன். மற்றபடி ஃபெயில்.

விமானம் என்று அவர்கள் சொல்வது எங்கள் பெரியநாயக்கன்பாளையம் ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை வைத்தது. கதவு கிடையாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாத்தியார் பிடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போனார்கள். குடை விரிகிறவரை வெறுமனே விழவேண்டும். அதற்குப் பெயர் ஃப்ரீஃபால். விழுகிறமாதிரியே இல்லை. ராட்சத ஹேர் டிரையர் முன்னால் படுத்துக்கிடக்கிற மாதிரி. கன்னம் காதுக்குப் பின்னால் போய்விட்டது. கையில் கட்டிய உயரமானியைப் பார்த்தேன். இடுப்பை இறக்கினேன். எல்லாம் ஒழுங்கு. ஜோசப் எதிரே வந்து கட்டைவிரலை உயர்த்தி "பிரமாதம்" என்று காட்டினார்.

பெரிய மனிதர் பாராட்டினால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? கும்பிட்டேன்.

விரித்திருந்த இரண்டு கையும் நெஞ்சுக்கு வந்ததும் மூக்கு கீழே, பாதம் மேலே. வானம், சோளத்தட்டு, வானம், சோளத்தட்டு. ஜோசப்தான் திருப்பிப் போட்டு, என் குடையையும் இழுத்துவிட்டார். இறங்கியபின், "இருபது வருஷத்துல சல்யூட் அடிச்சவன பாத்திருக்கேன். கும்பிட்டவன இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

மச்சினன் பாஸ். சாதாரண பாஸ் இல்லை. ஜோசப் விரலை அசைக்குமுன் இவன் கால் நீள்கிறதாம். "இவருக்கு கை பேசுது அண்ணாச்சி. பொறந்ததுல இருந்து பழகுன மாதிரி."

பழகியதுதான். தறிக்குடோனில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? பாவு அறுந்தது, நூல் தீர்ந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார் – எல்லாம் கையும் உதடும்தான். குமரேசன் நடை பழகியதே தறி இடுக்கில்.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். பல்லடம் தாண்டியதும் மச்சினன்: "மாமா, கீழ உழுவறப்ப நூறு தறி ஓடற சத்தமுங்க. குடை விரிஞ்சுது பாருங்க, கரண்டு போனாப்புல அம்புட்டும் நின்னுபோச்சு. என்ற காதுக்குள்ளாற எப்பவும் ஒண்ணு ஓடிட்டே கெடக்குமுங்க, பையனா இருக்கறப்ப இருந்து. தூங்கறப்பவும் ஓடும். அதுகூட நின்னுபோச்சுங்க."

கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் இதை அவன் என்னிடம் சொன்னதில்லை. ஜோக் அடிக்கத் தோன்றவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டுனயா மாப்ள?"

"சரிங்க மாமா."

ஏப். 21, திங்கள்

லேத் பெல்ட் மாற்றினேன். புதுசும் சத்தம் போடுகிறது.

சரசு தம்பியைக் கூட்டிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டாள். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனி இலைப் பொட்டலம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்தார். வெள்ளை.

"சாமி உத்தரவு குடுத்துருச்சு" என்று அந்தப் பூவைத் தம்பி சட்டைப் பையில் வைத்துவிட்டாள். அவன் அதை எடுத்துச் செல்போன் உறைக்குள் வைத்துக்கொண்டான்.

"எனக்குக் கேக்கலையா அம்மணி?"

"உங்குளுக்கு எதுக்குங்க? நீங்கதான் பெயிலாச்சே."

ஏப். 27, ஞாயிறு

மேகம் உடைந்து உடைந்து. புழுக்கம். மத்தியானம் ஓடுதளத்தின் குறுக்கே ஒரு சூறைக்காற்று. தென்னை உயரத்துக்குப் புழுதி எழுந்து சுற்றியபடி கொட்டகை வரை வந்து, வாசலில் நின்று யோசித்துவிட்டுப் போனது. ஜோசப் பேச்சை நிறுத்திவிட்டு அது போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

எங்களோடு கற்றுக்கொள்ளும் சரவணம்பட்டி சாஃப்ட்வேர் தம்பி கணுக்கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். அவன் நிச்சயதார்த்தம் அடுத்த வாரமாம். பெண் வீட்டுக்குப் "படியில் தவறினேன்" என்று சொல்லச் சொல்லி அங்கே நர்ஸிடம் கெஞ்சுகிறானாம்.

நான் இரண்டாவது முறையும் முதல் பாடமே. கும்பிடாமலிருக்க இரண்டு கையிலும் ஒவ்வொரு டென்னிஸ் பந்து கொடுத்தார்கள். பாஸ். இரண்டு பந்துகளையும் காணவில்லை. யார் தலையில் விழுந்ததோ.

மச்சினன் நாலாவது பாடம். இனி யாரும் பிடிக்க மாட்டார்கள். ஒரு வாத்தியார் மட்டும் எதிரே மிதப்பார். ஆகாயத்தில் வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று, அட்சரம் பிசகவில்லையாம். குடை விரிந்தபின்தான் விவகாரம். தரையிலிருந்து ஜோசப் ரேடியோவில் வழி சொல்ல வேண்டும், மேலே இருப்பவன் தலைக்கவசத்துக்குள் கேட்டபடி திருப்ப வேண்டும்.

"குமரேசன், இடது... இடது... இடதுங்கேன்ல... அங்க கம்பி போகுது, இடது!"

நேராகவே போனான். உயர் அழுத்தக் கம்பிக்கு மேலே, ஒரு தென்னை உயரம் விட்டு, அந்தப் பக்கத் தோப்பில் இறங்கினான். சிரித்துக்கொண்டே குடையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். முந்தைய தடவைகளில் கூடக் குதித்த ஜோசப்பின் குடையைப் பார்த்து அதன் பின்னாலேயே இறங்கிவிட்டதால், ரேடியோ சொன்னபடி திரும்புகிறானா என்று யாரும் கவனிக்கவில்லை.

"ரேடியோ மக்கர்" என்று ஜோசப் தூக்கிப் போட்டார். நான் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். கிணற்றடியில் பேசுகிற மாதிரி தெளிவு.

காரில் ஜன்னலை இறக்கிவிட்டேன். ஏர்பிரேக் லாரி ஒன்று பக்கத்தில் வந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னேன்.

"மாப்ள, உன்ற ஊடு தீப்புடிச்சுக்கிச்சாம்."

"சரிங்க மாமா."

ஏப். 28, திங்கள்

தூக்கமில்லை. காலையில் சரசுவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"காது கொஞ்சம் மந்தம்னு ஊருக்கே தெரியுமுங்க. அவனுக்குச் சங்கடம்னு ஆரும் சொல்றதில்ல."

"எனக்கே சொல்லலையே?"

"உங்குளுக்குச் சொன்னா மறுநாள் பந்தியில அது ஜோக்காயிப் போகும்."

உண்மை.

கல்யாண வீடுகளில் என் ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிப்பவன் அவன். இப்போது யோசித்தால் எப்போதும் மற்றவர்களுக்கு ஒரு நொடி பின்னால். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். என் ஆயுள்கால ரசிகன் ஒரு ஜோக்கைக்கூடக் கேட்டதில்லை.

கேட்காதது ஜோக் மட்டும் என்றால் பரவாயில்லை. ஃபேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானே அன்றைக்கு. அந்தப் பாடத்தில் எதைக் கேட்டான்?

போன் செய்தேன். "மாப்ள, ரெண்டு பிடி இருக்குதல்லோ, எது முதல்ல?"

"பாத்துக்கலாமுங்க மாமா."

மே 3, சனி

இதை எழுதவேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஜோசப் அடுத்த சுற்றுக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். மச்சினன் முதல் விமானத்தில். ஐந்தாம் பாடம். "எல்லாம் தெரியும்தானே?" "சரிங்க சார்." உடுப்பு மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றான். அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச முயன்றேன். என் வாயைப் பார்த்துத் தலையாட்டினான். ஜோசப்பைத் தனியாகக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, உங்க கேள்விக்கு அப்புறம் வாறேன்" என்று விமானத்துப் பக்கம் நடந்தார். இன்ஜின் உறுமியது.

கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர். கத்தினேன்.

"சார், அவனுக்குக் காது கேக்காதுங்க! நீங்க சொன்ன பாடம் ஒண்ணும் அவனுக்குத் தெரியாதுங்க!"

இன்ஜினை அணைக்கச் சொன்னார் ஜோசப். அமைதியில் என் கடைசி வார்த்தை இன்னும் தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொட்டகை உத்தரத்தில் பட்டைகளில் ஆளைத் தொங்கவிட்டுப் பரீட்சை வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. மச்சினனை அதில் தொங்கவிட்டார். மேலே ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார்: கயிறு சுற்றிக் கசங்கிப்போன குடையின் படம்.

மச்சினன் படத்தைப் பார்த்தான். நெஞ்சைப் பார்த்தான். இடது கையால் வெள்ளி வளையத்தை இழுத்தான். சிவப்பைத் தொடவே இல்லை. தொங்கியபடி ஜோசப்பைப் பார்த்துச் சிரித்தான்.

ஜோசப் அவன் முகத்துக்கு நேரே குனிந்து, உதடு தெரிகிறமாதிரி மெதுவாக: "ஏன் வெள்ளி?"

"சாமி வெள்ளைதானுங்க குடுத்துது. செவப்பு ஆகாதுன்னு அக்கா சொல்லுச்சு."

ஒருத்தன் களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டான். நான் இல்லை.

நாலு தடவை குதித்திருக்கிறான். நாலு தடவையும் குடை ஒழுங்காக விரிந்தது. அவ்வளவுதான் அவனுக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது.

ஜோசப் முகம் வெளுத்துவிட்டது. "இனி இங்க குதிக்கக் கூடாது. முதல்ல காது டாக்டர். அப்புறம் முதல்ல இருந்து பாடம், நானே எழுதி, கைய வச்சுச் சொல்லித் தாறேன்" என்று எழுதிக் காட்டினார். மச்சினன் படித்தான். பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்து, கொக்கியில் மாட்டினான். என்னைக் கடந்து போகும்போது நின்றான்.

"நல்லாச் சொன்ன மாமா. நாலு பேருக்கு முன்னால."

ங்க இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. சட்டென்று காலுக்கடியில் தரை இல்லாத மாதிரி இருந்தது. அந்த விஷயத்தில் இப்போது எனக்கு அனுபவம் உண்டு.

பஸ் ஏறிப் போய்விட்டான்.

மே 4, ஞாயிறு

சரசு பேசவில்லை. மத்தியானம்வரை. பிறகு பேசினாள், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

"என்ற தம்பி செவுடன்னு ஊரக் கூட்டிச் சொல்லிப்போட்டீங்களாமா!"

"உசுரோட இருக்கற செவுடன் அம்மணி."

"கூப்புட்டுத் தனியாச் சொல்றதுக்கு என்னங்க?"

"தனியாச் சொன்னா அவனுக்குக் கேக்காதே!"

சிரிக்க வந்ததை அடக்கிக்கொண்டு அழுதாள். இரவுச் சாப்பாடு ரோட்டோர மெஸ்ஸில். புரோட்டா ரப்பர்.

மே 6, செவ்வாய்

ஜோசப் வரைந்து கொடுத்த படங்களை எடுத்துக்கொண்டு சோமனூர் போனேன். முதல் படத்தில் சிவப்புப் பிடியை இழுக்கும் கை, அதன்மேல் 1. இரண்டாவது வெள்ளி, 2. குழந்தைக்கும் புரியும்.

குடோனுக்குள் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மச்சினன் நடுவில். என்னைப் பார்த்தான், வெளியே வரவில்லை. நான் உள்ளே போனேன். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. படங்களை நீட்டினேன். வாங்கிப் பாவு உருளை மேல் வைத்தான், பிரிக்கவில்லை. பிறகு தறி ஓட்டுகிற பெண்ணைப் பார்த்து விரலை மடக்கி, உதட்டைச் சுழித்து ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். அடுத்த தறிக்காரனும் சிரித்தான். வரிசையாகப் போயிற்று சிரிப்பு, கடைசிவரை.

நானும் சிரித்தேன். ஒரு நொடி பின்னால்.

என்ன சொன்னான் என்று இன்னும் தெரியாது.

மே 11, ஞாயிறு

காற்று திரும்பிவிட்டது. காலையில் கிழக்குக் கோடியில் ஒரு காற்றாலை சோம்பல் முறித்தது. மத்தியானத்துக்குள் ஏழெட்டு. சத்தமில்லாமல் சுற்றுகின்றன. இன்றோடு முகாம் மூடுகிறார்கள். எனக்குக் கடைசிச் சுற்றில் இடம்.

குதித்தேன். கும்பிடவில்லை. நானே இழுத்தேன். குடை விரிந்ததும் அந்த நிசப்தம். மச்சினன் சொன்னதுதான், கரண்டு போன மாதிரி. கீழே எங்கோ ஒரு நாய் குரைப்பது ஊசி முனையளவு கேட்டது. இதற்காக ஒருவன் எதையும் செய்வான் என்று தோன்றியது. தோன்றியதும் உடம்பு குளிர்ந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

இறங்கியபோது ஜோசப் கையில் போன்.

வடக்கே ஒரு முகாமிலிருந்து கூப்பிட்டார்களாம். உங்களிடம் நாலு பாடம் படித்த கோயமுத்தூர்க்காரர் வந்திருக்கிறார், சேர்த்துக்கொள்ளலாமா என்று. ஜோசப் எல்லாம் சொல்லியிருக்கிறார். காது, சிவப்பு, வெள்ளி, எல்லாம். முதலிலிருந்து நடத்துகிறோம் என்றார்களாம்.

"நல்ல ஆளுகதான் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு சொன்னான், அதுதான் உறுத்துது. 'உங்க ஆளு தங்கமானவர், எதைச் சொன்னாலும் ஹாங் ஜிங்கார்'னான்."

ஹாங் என்றால் ஆமாம். மச்சினனுக்கு இந்தி தெரியாது. ஆனால் இந்தியிலும் ஒரு ங்க இருக்கிறது, அதற்குப் பெயர் ஜி என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டான்.

அவன் வீட்டில் விசாரித்தேன். "தறிச் சாமான் வாங்க சூரத் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். சரசு முகம் காகிதமாகிவிட்டது. அவனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறோம். அக்கா போனைக்கூட எடுக்கவில்லை. அந்த முகாமுக்கும் நானே பேசினேன், என் ஒர்க்‌ஷாப் இந்தியில். "டென்ஷன் மத் லோ" என்றார்கள். கவலைப்படாதே என்று அர்த்தமாம். அர்த்தம் கேட்டபின் கூடிவிட்டது.

மே 18, ஞாயிறு

விடியக்காலையிலிருந்து காற்று. மொட்டைமாடியில் காயப்போட்ட பெஞ்ச் மெத்தை பக்கத்து வீட்டில்.

இப்போதுதான் கூப்பிட்டான். வீடியோ கால். நீல உடுப்பு, தோளில் பட்டைகள், தலைக்கவசம் கையில். பின்னால் ஒரு விமானம், விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கோணுமுங்க."

ங்க திரும்பி வந்துவிட்டது. அதில் ஒரு கணம் அசந்துபோனேன்.

"அன்னைக்கி மாத்தி இழுத்தேனுங்களே. நெசமாலுமே ரெண்டும் சுத்திக்குமுங்களா?"

அவன் வாழ்க்கையில் கேட்டு நான் பார்த்த முதல் கேள்வி. போனைப் பிள்ளையார் படத்தின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் காட்டினேன். பெரிய குடை, சின்னக் குடை, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கீழே. கண்ணை எடுக்காமல் பார்த்தான். திரும்பக் காட்டச் சொன்னான். காட்டினேன்.

"அப்ப நான் அந்த நாலு தடவையும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"அங்க சொல்லிக் குடுத்தாங்களா?" வாயை அகலத் திறந்து கேட்டேன்.

"இந்தியிலீங்க மாமா."

பயம் அவன் முகத்தில் வந்து இறங்குவதைப் பார்த்தேன். நல்லது, வா வா என்று மனசுக்குள் வரவேற்றேன். இரண்டு கையையும் குறுக்கே வெட்டினேன். தறியை நிறுத்து என்பதற்குக் குடோனில் காட்டுவது. அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். நிறுத்து. ஏறாதே.

புரிந்துகொண்டான். பின்னால் திரும்பிப் பார்த்தான். திரும்பவும் போனுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு:

"வேண்டாம்னு எப்படீங்க சொல்றது? எனக்குன்னு எடம் வெச்சு, வண்டியவே ஸ்டார்ட் பண்ணிப்போட்டாங்க. காத்தால டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாங்க."

"நஹீங்னு சொல்லு! ந-ஹீங்!"

உதட்டைப் பார்த்தான். "வெறும் நஹீங்ஙா? பின்னால ஒண்ணும் போடாமயா?"

"எதையாவது போட்டுக்கோ! ஜி போட்டுக்கோ! சொல்லு!"

விசிறிச் சத்தம் ஏறிவிட்டது. அவன் தோளில் ஒரு கை வந்து விழுந்தது. மஞ்சள் சட்டைக் கை, நல்ல நட்பான கை. மச்சினன் திரும்பி அந்த ஆளைப் பார்த்தான். சிரித்தான். வாயைத் திறந்து ஏதோ ஒன்று சொன்னான். சின்ன வார்த்தை. ஹாங்கா, நஹீங்கா. சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, உதடு படிக்கவும் தெரியாது. படம் ஆடியது, வானம், புல், யாருடைய பூட்ஸோ, அப்புறம் இல்லை.

கூப்பிடுகிறேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. முகாம் நம்பர் பிஸி. ஜோசப்புக்கும் போட்டுவிட்டேன், அவரும் அங்கே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். திரும்ப அடிக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

சரசு சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு ஓடிவருகிறாள்.

"தம்பிதானுங்களே? என்னங்க சொன்னான்?"